ஆரியசாலை உலகம்மையின் மூக்கு

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மூட்டை இறங்குகிற நாளில் தெருவே தும்மும். ஒரு வருஷம், பக்கத்துக் கடையின் பின்கட்டு அறையில் ஒரு பெண் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். பச்சைக் குழந்தைக்கு அந்த நெடி ஆகுமா? அதற்காக மூட்டையை இறக்காமல் இருக்க முடியுமா? மிளகாய் வண்டி வருகிற காலையிலெல்லாம் அந்த அறை ஜன்னலில் நனைந்த சாக்கு இரண்டு தொங்கும். வண்டி போன பிறகு பார்த்தால் இராது. கட்டியது யார், அவிழ்த்தது யார் என்று பெற்றவளுக்கே தெரியாது.

ஒரு நாள் கொஞ்சம் முந்தியே கடை திறக்க வந்த அழகியநம்பி பிள்ளை பார்த்துவிட்டார். கிணற்றடியில் சாக்கை முக்கி எடுத்துக்கொண்டிருந்தது அவர் கடையில் மருந்து பொறுக்குகிற உலகம்மை.

"என்ன உலகம்மா இது, காலங்காத்தால?"

"சாக்குல ஒரே தூசி, ஐயா. அலசுதேன்."

அவர் கடையைத் திறக்கப் போனார். நல்ல காரியம்தான். ஆனாலும், நல்லதைச் செய்யும்போதுகூட இவளுக்கு இவ்வளவு சுளுவாகப் பொய் வருகிறதே என்று ஒரு சின்ன முள் அவர் மனசில் தைத்துக்கொண்டது.

அழகியநம்பி பிள்ளைக்குத் திருக்குறுங்குடி சொந்த ஊர். ஆரியசாலையில் அப்பா காலத்து மருந்துக்கடை. சுக்கு, திப்பிலி, தேவதாரம், பெருங்காயம், மலையிலிருந்து வரும் வேர், பட்டை, தேன், எல்லாம் மொத்தமாக வாங்கி வைத்தியர்களுக்கு விற்பார். நல்ல மனுஷர், பெருமாள் பக்தர். ஆனால் சந்தேகம் அவருக்குக் கூடப் பிறந்தது. தேன் குடத்தில் விரலைவிட்டு நக்கிப் பார்ப்பார். நக்கின விரலையும் ஒருதரம் உற்றுப் பார்ப்பார். பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு மட்டும் செத்துப்போயிருந்தது. மருந்துக்கடை முதலாளிக்கு மூக்கு இல்லாவிட்டால் எப்படி? அந்தக் குறைக்குத்தான் உலகம்மை.

அவள் பாபநாசத்துக்காரி. அந்த ஊர் அம்மன் பெயரைத்தான் பெற்றவர்கள் வைத்தார்கள். பதினாறு வயதில் வண்டிக்காரன் ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டு திருவனந்தபுரம் வந்தாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு கடைவாசலில் முறத்தோடு உட்கார்ந்தவள் இருபத்தைந்து வருஷமாக அங்கேயே இருந்தாள். ஒரு வேரைக் கிள்ளி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோவாள். "இது போன மழைக்கு முந்தினது" என்பாள். "இந்தப் பெருங்காயத்துல கோதுமை மாவு ஏறியிருக்கு" என்பாள். சொன்னால் சொன்னதுதான். பக்கத்து மூன்று மருந்துக்கடைக்காரர்களும் சந்தேகச் சரக்கு வந்தால் அவளிடம்தான் ஆள் அனுப்புவார்கள். "உலகம்மை மோந்ததா?" என்பது அந்தத் தெருவில் ஒரு முத்திரை மாதிரி.

அந்தக் காலத்தில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, வந்துவிட்டால் வைத்தியர்கள் கருமந்தி ரசாயனம் கிண்டுவார்கள். கருமந்தி என்றால் உடம்பெல்லாம் மினுமினுவென்று கறுத்து, தலை மட்டும் தேன் நிறத்தில் இருக்கிற மலைக்குரங்கு. அதன் இறைச்சியைப் புகையில் வாட்டி, கமுகம்பாளையில் பொதிந்து, வித்துரா, கல்லாறு மலைப்பக்கத்து வேட்டைக்காரர்கள் கொண்டுவருவார்கள். இழுப்புக்கும் இளைப்புக்கும் அதைவிட மருந்து இல்லை என்று ஜனங்களுக்கு நம்பிக்கை. சர்க்காரில் அதற்கு எதிராகச் சட்டம் இருந்ததோ இல்லையோ, இருந்தாலும் அது கல்லாறு வரைக்கும் நடந்துபோனதாகத் தெரியவில்லை. வாட்டின இறைச்சியில் ஆடு எது, மந்தி எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூக்குதான் சொல்லவேண்டும். ஆகவே அதையும் உலகம்மைதான் பார்த்தாள்.

சந்தேகம் துவங்கினது, மலையாள வருஷக் கணக்கில், கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டில். ராஜையன் என்று ஒரு வேட்டைக்காரன், வித்துராக்காரன். அவன் அப்பன் காலம்தொட்டு இந்தக் கடைக்குச் சரக்குக் கொடுப்பவன், கிறிஸ்தவன், வேதக்கோவிலுக்குப் போகிறவன், ஒரு தரம்கூட ஏமாற்றினதில்லை. அவன் கொண்டுவந்த பொதியைப் பிரித்து மோந்துபார்த்து உலகம்மை சொன்னாள்: "இது ஆடு."

"ஆடா! மொதலாளி, பொய் பறஞ்சா என் நாக்கு அழுகிப் போகட்டு. என் கையால சுட்டது!"

"சுட்டது நீயா இருக்கலாம். ஆனா ஆடு" என்று அவள் பாளையை மடித்துத் திருப்பித் தந்துவிட்டாள்.

மறுபடி ஒரு தரம், மறுபடி ஒரு தரம். மற்ற மூன்று கடையிலும் அப்படியே திரும்பினான். அதே மாதம் நெடுமங்காட்டிலிருந்து வேலாயுதன் என்று ஒரு புது ஆள் வந்தான். வாய் நிறைய வெற்றிலை, பேச்செல்லாம் சர்க்கரை. அவன் பொதியை மோந்தாள். "ஆகும். கருமந்திதான்" என்றாள். அன்றிலிருந்து மூன்று வருஷம், வேலாயுதன் கொண்டுவந்த சரக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. மலைக்காரர்கள் கொண்டுவந்தது ஒன்றுகூட ஏறவில்லை.

பிள்ளைக்குத் தூக்கம் கெட்டது. யோசித்துப் பார்த்தால் இரண்டே வழிதான். ஒன்று, அவள் மூக்கு போயிருக்கவேண்டும். இல்லாவிட்டால் வேலாயுதன் அவள் கைக்கு ஏதோ கொடுத்திருக்கவேண்டும்.

முதலில் மூக்கைச் சோதித்தார். நல்ல சந்தனத்துக்கு நடுவில் வேறு மரச்சிராய் ஒன்றை ஒளித்துவைத்தார். அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டி, அந்த ஒரு சிராயை மட்டும் எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, "இது எப்படி வந்ததோ, ஐயா" என்றாள். மூக்கு போகவில்லை. அப்படியானால் கை.

அவள்மேல் ஒரு கண் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் சாலைத்தெரு முனையிலிருக்கிற அம்மன் கோவிலுக்குப் போகிறவள், இப்போதெல்லாம் உள்ளே போவதில்லை. வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறாள். பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்தாலும் கைநீட்டுவதில்லை. குற்றமுள்ள நெஞ்சு இல்லையென்றால் அம்மனுக்கு எதற்குப் பயப்படவேண்டும்? இன்னொரு நாள், வேலாயுதன் ஒரு இலைப்பொதியை அவள் கையில் கொடுத்ததை அவரே பார்த்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிள்ளை அன்று முழுக்க அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாளே, இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம்!

வேடிக்கை என்னவென்றால், வாங்குகிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. நாணு வைத்தியர் என்று கரமனையில் பேர் பெற்றவர். பெரிய பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுக்கெல்லாம் ரசாயனம் கொடுக்கிறவர். அவர் வந்து, வருஷத்துக்குக் 'கொல்லம்' என்கிற தம் மலையாளத் தமிழில் சொல்கிறார்:

"அண்ணாச்சி, இக்கொல்லத்து ரசாயனம் பஹு கேமம், ஒண்ணாந்தரம்! இழுப்பு நின்னுபோச்சுன்னு ஒரு தாசில்தார் எனக்கு வேஷ்டி தந்நு."

பிள்ளை சிரித்துத் தலையாட்டினார். உள்ளுக்குள் கணக்குப் போட்டார். வேலாயுதன் சரக்கு ஆடாக இருந்தால், அது வெளியே தெரிகிற அன்று அப்பா வைத்த கடை அவ்வளவுதான்.

அவருக்கு மனசு தாங்கவில்லை. கண்ணால் பார்த்த சரக்கு ஒன்று வேண்டும். அதை அவள் முன்னால் வைக்கவேண்டும். ராஜையனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, குடையும் கையுமாக வித்துராவுக்கு மோட்டார் பஸ் ஏறினார். அங்கிருந்து கல்லாறுக்கு நடை. அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு தடவித் தேய்த்துக்கொண்டு, ஆற்றோரத்தில் ஒரு பாறைமேல் இருவரும் உட்கார்ந்தார்கள். விடிந்து வெயில் மரத்தில் இறங்குகிற நேரம். மேலே சரிவில் ஒரு கருமந்தி ஆண் கூவியது. மலை முழுக்க அதிர்கிற மாதிரி ஒரு கூவல். பிறகு நிசப்தம்.

"கேட்டீங்களா?" என்றான் ராஜையன்.

"கேட்டேன். நிறைய இருக்கும் போலிருக்கே."

"நீங்க கூவுனதைக் கேட்டீங்க. கூவாததைக் கேட்கல. எங்க அப்பன் காலத்துல இந்தச் சரிவுல ஒண்ணு கூவுனா, எதிர்ச்சரிவு பதில் கூவும், அதுக்கு அங்க ஒண்ணு பதில் கூவும். போணக்காடு வரைக்கும் அப்படியே ஓடும். இப்போ பதில் இல்ல. இந்தக் கூட்டத்துல ஒம்பது உண்டு. அவ்வளவுதான்."

"இது தீர்ந்தா?"

"தீர்ந்தா தீர்ந்துது. நாலு கடையும் என் சரக்கைத் திருப்பினது நல்லதாப் போச்சு. இல்லன்னா எப்பவோ தீர்ந்திருக்கும்" என்று சொல்லி அவன் கசப்பாகச் சிரித்தான். "எனக்கு அது ஒரு நல்லதும் இல்ல, மொதலாளி. வீட்டுல கஞ்சிதான்."

ராஜையன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னான்: "உங்க உலகம்மையும் இதே பாறையிலதான் நிண்ணாங்க. மூணு வருஷம் முந்தி, வேர் பொறுக்க வண்டியோட வந்தாங்கல்ல? அண்ணைக்கு நான் ஒரு பெட்டையைச் சுட்டேன். நெஞ்சுல குட்டி பிடிச்சிட்டிருந்தது எனக்குத் தெரியல. செவந்த குட்டி. அவங்க அதை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. நெடுமங்காடு எட்டுமுன்னமே செத்துப்போச்சாம். ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: 'இன்னும் எத்தனை மிச்சம்?' பன்னெண்டுன்னேன். அப்புறம் வாயே திறக்கல."

மூன்று வருஷம். பிள்ளை மனசில் ஏதோ இடறியது. ஆனால் சந்தேகம் பழகின மனசு வந்த வழியை விட்டு லேசில் விலகாது. மனசிரங்கினவள் கைநீட்டமாட்டாள் என்று எங்கே எழுதியிருக்கிறது? இரக்கமும் இருக்கலாம், இலைப்பொதியும் இருக்கலாம்.

"சுடு" என்றார்.

வெடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளை கிளையாக முறித்துக்கொண்டு ஏதோ கீழே விழுகிற சத்தம் மட்டும் காதில் வந்தது. அது விழுந்து முடிக்க வெகுநேரம் ஆனமாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை முற்பகல். நாணு வைத்தியரைப் பிள்ளையே கூப்பிட்டிருந்தார், சாட்சிக்கு. ராஜையன் ஒரு சாக்குப்பையோடு ஓரமாக நின்றான். பாளைப்பொதியை உலகம்மையின் முறத்தில் வைத்தார்கள். பிள்ளை எப்போதும்போல் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் கை பொடி மட்டையைத் தேடவே இல்லை. அவள் அதைக் கவனித்திருப்பாள். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவள் அல்லவா?

இறைச்சியைக் கிட்டே கொண்டுபோனாள். ஒரு தரம் மோந்தாள். கண்ணை மூடி இன்னொரு தரம்.

"ஆடு" என்றாள்.

"நல்லா மோந்து சொல்லு, உலகம்மா."

"ஆடுதான், ஐயா."

"உன் பாபநாசத்து அம்மன்மேல சத்தியம் பண்ணுவியா?"

உலகம்மை நிமிரவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் ராஜையனுக்குப் பொறுக்கவில்லை. பையைக் கவிழ்த்தான். கறுத்த, நீண்ட, மயிர் அடர்ந்த வால் ஒன்று கடைத்திட்டில் விழுந்தது.

"ஆட்டுக்கு இவ்வளவு நீள வாலா, அம்மா? மொதலாளி கண்ணால கண்டு, முன்னால நிண்ணு சுட்டது! மூணு வருஷமா என்னைக் கள்ளன் ஆக்கிட்டீங்களே!"

பிள்ளை எழுந்து நின்றார். கண்டுபிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. அப்போதுதான் நாணு வைத்தியர் முகம் மெல்ல மெல்ல வெளுத்ததை எல்லோரும் கண்டார்கள். மனுஷர் கணக்குக் கூட்டிவிட்டார்.

"அப்போ... வேலாயுதன் கொண்டுவந்நது?"

உலகம்மை முறத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"மூணு கொல்லமா ஞான் தாசில்தாருக்குக் கொடுத்தது ஆடோ?"

வைத்தியர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருப்பக்கம் எட்டிப்பார்த்தார். பிறகு திட்டில் கிடந்த வாலை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீழே போட்டார்.

"இது கள்ள வால்" என்றார்.

"என்ன!" என்றான் ராஜையன்.

"குதிரை மயிர் ஒட்டினது. எனக்குத் தெரியும்டே, முப்பது கொல்லமா மருந்நு பார்க்கிறவன். உலகம்மை மோந்ததுதான் சரி. இது ஆடு. வேலாயுதன் சரக்குதான் நேரான கருமந்தி. ஆராவது கேட்டா ஞான் அம்பலத்துல நிண்ணு சொல்லுவேன்." சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் குழந்தைக்கும் புரியும்: அண்ணாச்சி, இது வெளிய தெரிஞ்சா என் பேரும் போச்சு, உன் கடையும் போச்சு, வாயை மூடு.

பிள்ளை வாயை மூடினார். பொய்யைப் பிடிக்கக் கண்ணி வைத்தவர், அந்தப் பொய்யையே காவல் காக்க வேண்டியதாயிற்று. ராஜையன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்ல ஊருடே!" என்று காறித் துப்பினான். "இங்க ஆட்டைக் கொண்டுவந்தா மந்தி, மந்தியைக் கொண்டுவந்தா ஆடு! அப்போ நானும் ஆடே கொண்டுவாறேன்!"

வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வைத்தியரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

கடையில் இருவரும்தான். பிள்ளை கேட்டார்: "வேலாயுதன் உனக்கு என்ன தந்தான்?"

"என்ன தந்தான்?"

"நான் பார்த்தேன். இலைப்பொதி."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதா, ஐயா? ஆற்றுக்கால் அம்மன் பிரசாதம். மொதல் தரம் ஆட்டைக் கொண்டுவந்து, நான் மந்தின்னு சொன்ன உடனே அவனே பயந்துட்டான். எனக்கு மூக்கு அவிஞ்சு போச்சு, பாவம்னு நினைச்சு, மூக்கு நல்லாகணும்னு அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டானாம். ஏமாத்துறவனுக்கும் ஒரு ஈரம் இருக்குல்லா?"

பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, உலகம்மா. நான் மனுஷன் இல்லையா? மந்தி வாங்குறதை நிறுத்தியிருப்பேனே."

"நீங்க நிறுத்துவீங்க. மத்த மூணு கடை வாங்கும். சுடாதேன்னு சொன்னா ராஜையன் கேட்பானா, கஞ்சிக்கு என்ன பண்ணுவான்? சரக்கு விலைபோகல்லன்னா அவனாவே நிறுத்துவான். அதுக்கு எல்லாக் கடையும் ஆட்டையே மந்தின்னு நம்பணும். என் மூக்கை எல்லாரும் நம்புனாங்க. எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான், ஐயா. அதைக் கொண்டு போட்டேன்."

"அம்மன் கோவிலுக்குள்ள போகாததும்..."

"பொய் சொன்ன வாயோட எப்படிப் போறது? வெளிய நின்னாலும் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மனசு ஆறினா கூப்பிடுவா."

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தம் சந்தேகத்துக்காகக் கல்லாற்றில் கிளை முறிய விழுந்த ஒன்றை நினைத்தாரோ என்னவோ. ஆனாலும் அவர் வியாபாரி. உள்ளதைச் சொல்லிவிட்டார்: "உலகம்மா, நீ செஞ்சதைத் தப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. ஆனா இனிமே நீ பெருங்காயத்தை நல்லதுன்னு சொன்னாலும் என் மனசு நம்பாது. நான் அப்படிப் பிறந்தவன்."

"எனக்குத் தெரியாதா, ஐயா? நானே போகலாம்னுதான் இருந்தேன். ஊர்ல தங்கச்சி இருக்கா."

அவள் போவதற்குமுன் ஒரு காரியம் நடந்தது. ராஜையன் சொன்னபடியே வந்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாளைப்பொதியை முறத்தில் வைத்தான். உலகம்மை மோந்தாள். "ஆகும். கருமந்தி" என்றாள். ராஜையன் பல்லைக் கடித்துக்கொண்டு காசை வாங்கினான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, யாரிடமென்றில்லாமல் சொன்னான்: "எட்டும் அங்கதான் கிடக்கு. காலையில கூவுது."

புறப்படுகிற அன்று பிள்ளை தம்பானூர் ரயிலடிக்கு வந்தார். கூலிக்காரன் அவள் மூட்டையை வண்டிக்குள் வைத்தான். மூட்டை கனமாக இருக்கிறதே, என்ன இருக்கும் என்று பிள்ளையின் கண் ஒரு நொடி அதன்மேல் போய்விட்டது. உடனே வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். அவள் அதையும் கவனித்தாள். வண்டி ஊதியது. பிள்ளை கைகூப்பினார், இருபத்தைந்து வருஷத்தில் முதல் தரமாக.

அவள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து சொன்னாள்: "ஐயா, ராஜையன் கொண்டுவாற ஆட்டை மட்டும் திருப்பி அனுப்பிராதீங்க. அவன் வீட்டுல ஆறு வயிறு. பசிச்சா மறுபடி மேல ஏறிருவான்."